பழங்காடுகளை மக்கள் எப்படி மதிக்கிறார்கள்? பார்ப்பதும் காப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல நூறு ஆண்டுகளாகக் கோடாரி படாத காடுகளைப் பற்றி எங்கே விவாதம் நடந்தாலும், "மக்கள் இதைத்தான் விரும்புகிறார்கள்" என்று இரண்டு தரப்பும் சொல்லும். பாதை போட்டு நாலு பேர் வந்து பார்க்க வழிசெய்யுங்கள் என்பவர்கள் அதைச் சொல்வார்கள். யாரும் உள்ளே போகாமல் விட்டுவிடுங்கள் என்பவர்களும் அதையே சொல்வார்கள். மக்கள் என்னதான் விரும்புகிறார்கள், அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், அப்படிக் கண்டுபிடித்ததை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள்.

பழங்காடு என்று எதைச் சொல்கிறீர்கள்? எத்தனை வயது ஆக வேண்டும்?

வனத்துறையினர் ஓல்ட் குரோத் என்று குறிப்பிடும் காடு. தானாக முளைத்து, தானாக முதிர்ந்து, தானாக விழும் மரங்களைக் கொண்டது. மனிதர்கள் பெரிய அளவில் வெட்டாதது. இத்தனை வயது என்று உலகம் முழுவதற்கும் ஒரே கணக்கு கிடையாது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் கடலோரக் காடு என்றால் 250 வயது, உள்நாட்டுக் காடுகள் பலவற்றுக்கு 140 வயது என்று வைத்திருக்கிறார்கள். அடிக்கடி தீப்பிடிக்கும் நிலத்தில் மரங்கள் அவ்வளவு காலம் நின்றுகொண்டிருப்பதில்லை என்பதால் இந்த வித்தியாசம். அமெரிக்கா 2022இல் தன் கூட்டரசு நிலங்களில் உள்ள பழங்காடுகளைக் கணக்கெடுக்க உத்தரவிட்டபோது வட்டாரத்துக்கு வட்டாரம், மர வகைக்கு மர வகை தனித்தனி வரையறை வைக்க வேண்டியதாயிற்று. 2023இல் வந்த முதல் கணக்கில் சுமார் 3.2 கோடி ஏக்கர் பழங்காடும் 8 கோடி ஏக்கர் முதிர்ந்த காடும் இருப்பதாகச் சொன்னார்கள்.

சூழலியலாளர்களைக் கேட்டால் வயதைவிட அமைப்பைத்தான் பார்க்கச் சொல்வார்கள். ஓங்கி வளர்ந்த பெருமரங்கள், அவற்றுக்கு அடியில் பல அடுக்குகளாக இளமரங்கள், நின்றபடியே காய்ந்த பட்டமரங்கள், தரையில் மட்கிக் கிடக்கும் அடிமரங்கள், இவை நான்கும் இருக்க வேண்டும். பொதுமக்கள் மனதில் இருப்பதோ பெரும்பாலும் அந்தப் பெருமரங்கள் மட்டும்தான். கீழே வரும் பல சிக்கல்கள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

இப்படிப்பட்ட காட்டில் மக்கள் எதை மதிக்கிறார்கள்?

முதலில் நேரடியாக அனுபவிப்பது. நடப்பது, கூடாரம் போட்டுத் தங்குவது, படம் எடுப்பது, பறவை பார்ப்பது, சும்மா உட்கார்ந்திருப்பது. ஜப்பானிய வனத்துறை 1982இல் 'காட்டுக் குளியல்' என்ற பெயரில் காட்டுக்குள் மெதுவாக நடப்பதையே ஓர் இயக்கமாக்கியது. நாகானோ மாவட்டத்தில் உள்ள அகசாவா காட்டில், 300 ஆண்டு வயதுடைய ஹினோகி மரங்களுக்கு இடையில் அது தொடங்கியது.

இரண்டாவது வகை, போகாமலே மதிப்பது. பொருளாதார அறிஞர்கள் இதை மூன்றாகப் பிரிப்பார்கள். என்றாவது ஒருநாள் போகலாம் என்ற வாய்ப்பு கையில் இருக்கட்டும் என்பது ஒன்று. பர்ட்டன் வைஸ்பிராட் 1964இல் இதை எழுதினார். நம் பிள்ளைகளுக்கு இருக்கட்டும் என்பது இன்னொன்று. நானோ என் பிள்ளைகளோ போகவே போவதில்லை, ஆனாலும் அது இருக்கட்டும் என்பது மூன்றாவது. அதற்கு இருப்பு மதிப்பு என்று பெயர். ஜான் கிரூட்டில்லா 1967இல் எழுதிய ஒரு கட்டுரைதான் இதைப் பொருளாதாரத்துக்குள் கொண்டுவந்தது. அவர் வாதம் எளிமையானது: மரப்பலகைக்கு மாற்றாகத் தொழில்நுட்பம் புதுப்பொருள் எதையாவது கண்டுபிடித்துக்கொண்டே இருக்கும், ஆனால் அழிந்த இயற்கைக் காட்டை எந்தத் தொழிற்சாலையும் செய்து தராது. ஆகவே காலம் போகப்போகப் பலகையின் மதிப்பு தாழும், நிற்கும் காட்டின் மதிப்பு ஏறும். அரை நூற்றாண்டுக்குப் பிறகும் இதற்கு நல்ல மறுப்பு ஒன்றை நான் படித்ததில்லை.

போகவே போகாதவர் ஒரு காட்டை மதிக்கிறார் என்பது வெறும் பேச்சு இல்லையா?

இப்படிக் கேட்பவர்கள் பொதுவாக நுழைவாயிலில் விற்ற டிக்கெட்டை எண்ணிக் காட்டின் மதிப்பைச் சொல்ல விரும்புபவர்கள். அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் நடந்ததைப் பாருங்கள். அங்குள்ள பழங்காடுகளில் மட்டுமே நன்றாக வாழும் புள்ளி ஆந்தையை 1990 ஜூனில் அழியும் ஆபத்துள்ள இனமாக அறிவித்தார்கள். அந்த ஆந்தையை நேரில் பார்த்தவர்கள் நாட்டில் மிகக் குறைவு. அது இரவில் நடமாடும், ஆள் புகக் கடினமான காட்டில் இருக்கும். இருந்தும் நாடு முழுவதும் குடும்பங்களிடம் கேட்டபோது, அதைக் காக்க ஆண்டுக்கு ஒரு தொகை தருவதாகப் பெருந்திரளானோர் சொன்னார்கள். ஒவ்வொரு குடும்பத்தின் தொகையும் சிறியதுதான். நாட்டிலுள்ள எல்லாக் குடும்பங்களாலும் பெருக்கினால் அது வெட்டு நிறுத்துவதால் வரும் நட்டத்தையும் தாண்டிப் போனது.

எல்லாரும் நிஜமாகவே பணத்தை எடுத்து நீட்டுவார்களா என்பது வேறு கேள்வி, அதற்குக் கீழே வருகிறேன். போகாதவர்களை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் காட்டின் மதிப்பில் பெரிய துண்டு காணாமல் போகும் என்பது மட்டும் திரும்பத் திரும்பத் தெரியவந்திருக்கிறது. தொலைவிலுள்ள, போக்குவரத்து வசதி இல்லாத காடுகளுக்கு இது இன்னும் பொருந்தும். ஆள் வராத காடு மதிப்பில்லாத காடு என்றால், உலகத்தின் மிகச் சிறந்த காடுகள் பலவற்றுக்கு மதிப்பு பூஜ்யம் என்றாகிவிடும்.

வந்து போகிறவர்களின் அனுபவத்துக்கு விலை எப்படிப் போடுகிறார்கள்? நுழைவுக் கட்டணமே பெரும்பாலும் இல்லையே?

கட்டணம் இல்லாவிட்டாலும் செலவு உண்டு. 1947இல் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை இதே கேள்வியைப் பல பொருளாதார அறிஞர்களிடம் கேட்டது. ஹெரால்டு ஹோட்டலிங் ஒரு கடிதத்தில் வழி சொன்னார். பூங்காவைச் சுற்றி வட்டம் வட்டமாக வரைந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் வருகிறார்கள், அவர்களுக்கு வந்து போக எவ்வளவு செலவு என்று பாருங்கள். தூரம் கூடக் கூட வருகை குறையும். அந்தச் சரிவிலிருந்து, இன்னும் எவ்வளவு செலவானாலும் மக்கள் வந்திருப்பார்கள் என்பதை ஊகிக்கலாம். பக்கத்திலிருந்து வந்தவர், தூரத்துக்காரர் கொடுத்த செலவையும் கொடுக்கத் தயாராக இருந்திருப்பார். அவருக்கு மிச்சமானதுதான் அந்தக் காடு அவருக்குத் தந்த மதிப்பு. மேரியன் கிளாசன் 1959இல் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். பயணச் செலவு முறை என்று இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது.

ஓட்டைகள் உண்டு. ஒரே பயணத்தில் நான்கு இடம் பார்ப்பவரின் செலவை எப்படிப் பிரிப்பது? காரில் கழித்த நேரம் செலவா, இன்பமா? காட்டுக்குப் பக்கத்தில் வாழ வேண்டும் என்பதற்காகவே வீடு மாற்றியவர், அதை எல்லாரையும்விட அதிகம் விரும்புபவர், கணக்கில் மிகக் குறைவாகத் தெரிவார். அப்புறம், முன் சொன்ன பெரிய குறை: வராதவர் இந்த முறையின் கண்ணுக்கே படமாட்டார்.

வராதவர் மனதில் இருப்பதை எப்படி அளப்பது?

கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. பொதுநன்மை ஒன்றுக்கு எவ்வளவு தருவீர்கள் என்று மக்களிடமே கேட்கலாம் என்ற யோசனையை சிரியாசி-வான்ட்ரப் 1947இல் முன்வைத்தார். முதலில் அதை முறையாகச் செய்து பார்த்தவர் ராபர்ட் டேவிஸ். 1963இல் முடித்த ஹார்வர்டு ஆய்வேட்டுக்காக மெய்ன் மாநிலக் காடுகளில் வேட்டைக்காரர்களையும் பொழுதுபோக்க வந்தவர்களையும் பேட்டி எடுத்தார். ஆக, இந்த முறை பிறந்த இடமே காடுதான்.

அது நீதிமன்ற அளவுக்குப் போனது 1989க்குப் பிறகு. எக்ஸான் வால்டிஸ் கப்பல் அலாஸ்கா கடலில் எண்ணெயைக் கொட்டியதும், அங்கே போகாத அமெரிக்கர்களின் இழப்புக்கும் ஈடு கேட்கலாமா என்ற சண்டை வந்தது. அரசு கென்னத் ஆரோ, ராபர்ட் சோலோ என்ற இரண்டு நோபல் அறிஞர்கள் தலைமையில் குழு போட்டது. 1993இல் வந்த அறிக்கை, ஒழுங்காகச் செய்தால் இம்முறையின் முடிவுகள் விவாதத்தைத் தொடங்கி வைக்கும் அளவுக்கு நம்பத்தக்கவை என்றது. ஆனால் கடுமையான நிபந்தனைகள் போட்டது. "எவ்வளவு தருவீர்கள்?" என்று வெறுமனே கேட்காதீர்கள், "உங்கள் வரி இவ்வளவு கூடும், இந்தத் திட்டத்துக்கு ஆதரவா எதிர்ப்பா?" என்று வாக்கெடுப்பு மாதிரி கேளுங்கள். அந்தப் பணத்துக்கு வேறு செலவுகளும் இருக்கின்றன என்று நினைவூட்டுங்கள். நேரில் பேட்டி எடுங்கள்.

அப்படிச் சொல்லும் தொகையை நம்பலாமா?

பாதி நம்பலாம். எந்தப் பாதி என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மிகவும் பேசப்பட்ட சோதனை பறவைகளைப் பற்றியது. எண்ணெய்க் குட்டைகளில் சாகும் பறவைகளைக் காக்க எவ்வளவு தருவீர்கள் என்று மூன்று குழுக்களிடம் கேட்டார்கள். ஒரு குழுவிடம் 2,000 பறவைகள், இன்னொன்றிடம் 20,000, மூன்றாவதிடம் 2,00,000 என்றார்கள். வந்த சராசரி பதில்கள் 80, 78, 88 டாலர். எண்ணிக்கை நூறு மடங்கு கூடியும் தொகை அசையவில்லை. டேனியல் கானெமனும் ஜாக் நெட்சும் 1992இல் இப்படிப்பட்ட பதில்களுக்கு ஒரு விளக்கம் கொடுத்தார்கள்: ஆட்கள் பறவைக்கு விலை சொல்லவில்லை, நல்ல காரியத்தில் கலந்துகொண்ட மனநிறைவுக்கு விலை சொல்கிறார்கள். காட்டுக்கும் இது பொருந்தும். ஆயிரம் ஏக்கரைக் காக்கச் சொல்லும் தொகையும் பத்தாயிரம் ஏக்கருக்குச் சொல்லும் தொகையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், அதை ஏக்கரால் வகுத்துக் காட்டுவது வீண்வேலை.

எதிர்த்திசைப் பிழையும் உண்டு. "ஒரு பைசா தரமாட்டேன்" என்பவர்களில் பலர் காட்டை வெறுப்பவர்கள் இல்லை. ஏற்கனவே பொதுச்சொத்தாக இருப்பதற்கு நான் ஏன் மறுபடியும் பணம் கட்ட வேண்டும் என்றோ, வெட்டுகிறவனிடம் போய் வாங்குங்கள் என்றோ கோபப்படுபவர்கள். அவர்களைப் பூஜ்யம் என்று பதிந்தால் சராசரி தவறும். பட்டியலிலிருந்தே நீக்கினாலும் தவறும். கேள்வியைத் திருப்பிப் போட்டாலும் ஆட்டம் மாறுகிறது. காக்க எவ்வளவு தருவீர்கள் என்றால் வரும் தொகையைவிட, வெட்ட விடுவதற்கு எவ்வளவு ஈடு கேட்பீர்கள் என்றால் வரும் தொகை பல மடங்கு. காடு யாருக்குச் சொந்தம் என்ற முன்முடிவு கேள்விக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

ஆக, டாலர் எண்ணைக் கறாராக எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்தத் தேர்வை எதற்கு மேல் வைக்கிறார்கள் என்ற வரிசையை நம்பலாம். அது அவ்வளவு எளிதில் புரள்வதில்லை.

வரிசையை அறியத் தனி முறை உண்டா?

உண்டு. பேட்டி கொடுப்பவர் முன் இரண்டு மூன்று காடுகளை வைப்பார்கள். ஒன்றில் பழைய மரங்கள் அதிகம், நடைபாதை குறைவு, வரி கூடுதல். இன்னொன்றில் பாதை நிறைய, பழைய மரங்கள் குறைவு, வரி இல்லை. எது வேண்டும் என்று தேர்வு செய்யச் சொல்லி, இப்படிப் பல அட்டைகளைக் காட்டினால் எதற்காக எதை விட்டுக்கொடுக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். பொழுதுபோக்கா பாதுகாப்பா என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்வது இந்த முறைதான்.

சரி, பொழுதுபோக்கா பாதுகாப்பா? மக்கள் எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்?

பெரும்பாலோர் இரண்டையும். இதை மழுப்பலான பதில் என்று நினைக்க வேண்டாம். சாதாரண மனிதருக்கு இவை எதிரெதிர் விஷயங்களாகவே படுவதில்லை. காட்டைப் பாதுகாத்தால்தானே நடக்க இடம் இருக்கும் என்பார். அவர் மனதில் எதிரி என்றால் மொத்தமாக வெட்டி மொட்டையடிப்பது. நடைபாதை எதிரியே இல்லை. பாதையை மூடுவதா திறப்பதா என்று ஒரு குறிப்பிட்ட இடத்தைக் காட்டிக் கேட்கும்போதுதான் கருத்து பிளக்கிறது. அந்தப் பாதையில் நடப்பவர் ஒரு பக்கம், நடக்காதவர் இன்னொரு பக்கம் என்று.

பார்க்க அழகான காடும், உயிர்களுக்கு நல்ல காடும் ஒன்றுதானா?

இல்லை. காட்டுப் படங்களைக் காட்டி மதிப்பெண் போடச் சொல்லும் ஆய்வுகள் 1970களிலிருந்து ஏராளமாக நடந்திருக்கின்றன. பெரிய மரங்கள், இடையில் பார்வை போகும் திறந்தவெளி, பச்சைத் தரை, இவற்றுக்கு மதிப்பெண் அள்ளிக் கொடுப்பார்கள். விழுந்து கிடக்கும் மரங்களும் அடர்ந்த புதரும் பட்டமரங்களும் மதிப்பெண்ணைக் குறைக்கும். ஆனால் மரங்கொத்திக்கும் வண்டுக்கும் காளானுக்கும் அந்தச் செத்த மரம்தான் வீடு. ஒரு பழங்காட்டைப் பூங்கா மாதிரி பெருக்கித் துடைத்தால் வருகிறவர்கள் மகிழ்வார்கள், அது பழங்காடாக இருக்காது.

இதில் ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. மட்கும் மரம் எதற்கு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அதே காட்சியைப் பலர் ஏற்றுக்கொள்கிறார்கள். கண்ணுக்கு அது அழகாகிவிடுவதில்லை. இருக்க வேண்டியது என்று புரிந்துகொள்கிறார்கள். பாதையோரம் நல்ல தகவல்பலகை வைப்பதை அலங்காரச் செலவு என்று வெட்டும் நிர்வாகிகள் இதைக் கவனிக்கலாம்.

நடந்து போகிறவர்களால் அப்படி என்ன கெட்டுவிடும்?

உலகிலேயே உயரமான மரம், ஹைபீரியன் என்று பெயரிட்ட கடலோர ரெட்வுட் வகை மரம், சுமார் 116 மீட்டர். கலிபோர்னியாவின் ரெட்வுட் தேசியப் பூங்காவில் 2006இல் கண்டுபிடித்தார்கள். இடத்தை வெளியிடவில்லை. இணையம் வெளியிட்டுவிட்டது. பாதையே இல்லாத இடத்துக்குக் கூட்டம் புதரை மிதித்துக்கொண்டு போய், மரத்தடியில் பெரணிகூட முளைக்காத அளவுக்கு மண்ணை இறுக்கிவிட்டது. வழியெல்லாம் குப்பையும் மனிதக் கழிவும். 2022இல் அந்தப் பகுதியையே மூடினார்கள். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, 5,000 டாலர் வரை அபராதம்.

மிதிபடுவதைப் பற்றிய ஆய்வுகள் சொல்லும் ஒரு விஷயம் பலருக்கு வியப்பாக இருக்கும். ஆயிரமாவது ஆள் செய்யும் கெடுதல் குறைவு. முதல் சில டஜன் பேர் செய்வதுதான் அதிகம். தொடாத தரை முதல் மிதிகளிலேயே பெரும்பாலும் பாழாகிவிடும், பிறகு கெடுவதற்கு அதிகம் மிச்சமிருக்காது. அதனால் கூட்டத்தைக் காடு முழுக்கப் பரப்பிவிடுவது மோசமான யோசனை. ஒரே பாதையில் குவித்து, அந்தப் பாதையை உறுதியாகப் போடுவது நல்லது. ஜப்பானின் யாகுஷிமா தீவில் இதைத்தான் செய்தார்கள். 1993இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்ததும் ஜோமோன் சுகி என்ற பழம்பெரும் மரத்தைத் தொட்டுப் பார்க்கக் கூட்டம் வந்தது. வேர்கள் வெளியே தெரியத் தொடங்கின. 1996இல் சற்றுத் தள்ளி மரமேடை கட்டி, அங்கிருந்து பார்த்தால் போதும் என்றார்கள்.

நியூசிலாந்தின் கௌரி மரங்களுக்கு வந்த ஆபத்து இன்னும் நுட்பமானது. அவற்றின் வேரைத் தாக்கும் ஒரு நுண்ணுயிரி செருப்பில் ஒட்டிய மண் மூலம் பரவுகிறது. காட்டை மிக நேசித்து அடிக்கடி நடப்பவர்தான் அதிகம் பரப்புவார்.

அப்படியானால் பேசாமல் மூடிவிடலாமே?

சில சமயம் மூடத்தான் வேண்டும். ஆக்லாந்துக்கு அருகே வைட்டாக்கரே மலைக்காட்டில், 2017 டிசம்பரில் அங்குள்ள மாவோரி இனக்குழு தங்கள் மரபுப்படி நுழைவுத் தடை அறிவித்தது. முதலில் பலர் மதிக்கவில்லை. 2018இல் நகராட்சியும் காட்டைப் பெரும்பாலும் மூடியது. பிறகு பாதைகளை மண் ஒட்டாத மாதிரி திருத்தி ஒவ்வொன்றாகத் திறந்தார்கள்.

ஆனால் எப்போதும் எல்லாவற்றையும் மூடுவது வேறு விதத்தில் ஆபத்து. பார்த்த காட்டுக்காக மக்கள் குரல் கொடுப்பார்கள். கனடாவின் வான்கூவர் தீவில் போர்ட் ரென்ஃப்ரூ என்ற சிற்றூர் பக்கத்தில் அவதார் குரோவ் என்ற தோப்பு இருக்கிறது. வெட்டுவதற்குக் குறித்து வைத்த மரங்கள் அவை. சில ஆர்வலர்கள் அதற்கு வாய்க்கு எளிதான ஒரு பெயர் வைத்தார்கள், ஆட்களை அழைத்து வந்தார்கள், படங்கள் பரவின. ஊர் வணிகர்களே வெட்டாதே என்று கேட்கும் நிலை வந்து, 2012இல் பாதுகாப்பு கிடைத்தது. பிறகு மிதிபடாமல் இருக்கப் பலகைப்பாதை போட்டார்கள். அந்த ஊர் மரம் வெட்டி வாழ்ந்த ஊர். இன்று உயரமான மரங்களின் தலைநகர் என்று தன்னை விளம்பரப்படுத்திக்கொள்கிறது.

நடுவழிகளும் உண்டு. சான்பிரான்சிஸ்கோ அருகே உள்ள மியூர் உட்ஸ் காட்டில் 2018 முதல் வண்டி நிறுத்த முன்பதிவு கட்டாயம். கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் உள்ள மாரிப்போசா தோப்பில் பெருமரங்களின் வேர்மேல் இருந்த வண்டி நிறுத்தத்தையே பெயர்த்தெடுத்து, 2018இல் மறுபடி திறந்தார்கள். 1881இல் அதே தோப்பில் ஒரு மரத்தைக் குடைந்து வண்டி போகும் வழி செய்திருந்தார்கள். அந்த மரம் 1969இல் விழுந்தது. பொதுமக்கள் ரசனை எப்படி மாறியிருக்கிறது என்று அறிய இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

வருகிறவர்கள் ஒருவருக்கொருவர் ஒத்துப்போகிறார்களா?

ஒரு தரப்பு மட்டும். அமெரிக்க–கனடா எல்லையில் உள்ள பவுண்டரி வாட்டர்ஸ் ஏரிக்காட்டில் ராபர்ட் லூகஸ் 1964இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு முன்னோடி. துடுப்புப் படகில் போனவர்களுக்கு மோட்டார் படகைக் கண்டால் ஆகவில்லை. மோட்டார் படகுக்காரர்களுக்குத் துடுப்புக்காரர்களைப் பற்றி எந்தக் குறையும் இல்லை. மலைச் சைக்கிள் ஓட்டுபவருக்கும் நடப்பவருக்கும் இடையிலும் இதே கதைதான். அதனால் "பயனாளர்களில் பெரும்பாலோர் திருப்தி" என்ற முடிவைச் சந்தேகத்தோடு படியுங்கள். சத்தம் பிடிக்காதவர் முன்னமே வேறு இடம் தேடிப் போயிருப்பார். சர்வே எடுக்கும் நாளில் மாட்ட மாட்டார்.

மரம் வெட்டிப் பிழைப்பவர்களின் கதி?

இதைத் தவிர்த்துவிட்டு யாரும் நேர்மையாகப் பேச முடியாது. வடமேற்கு அமெரிக்காவில் புள்ளி ஆந்தையையும் பழங்காட்டையும் காக்க 1994இல் வந்த வனத்திட்டம் சுமார் 2.4 கோடி ஏக்கர் கூட்டரசு நிலத்துக்குப் பொருந்தியது. அங்கே வெட்டு, 1980களின் அளவிலிருந்து 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. மர ஆலைகளை நம்பிய சிற்றூர்கள் நொடித்தன. ஆலைகளில் இயந்திரம் வந்ததும், வெட்டிய மரத்தை அறுக்காமலே வெளிநாட்டுக்கு ஏற்றியதும் வேலைகளை முன்னமே தின்றுகொண்டிருந்தன என்பது உண்மை. ஆனால் வேலை போனவரிடம் அந்தப் புள்ளிவிவரத்தை நீட்டுவதால் பயனில்லை. அரசு ஐந்தாண்டுக்குச் சுமார் 120 கோடி டாலர் மறுவாழ்வு நிதி அறிவித்தது. அது எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி போய்ச் சேரவில்லை.

சர்வேக்களில் வரும் "நாடு முழுவதும் ஆதரவு" என்ற சொல்லுக்குள் இந்த ஏற்றத்தாழ்வு மறைந்திருக்கிறது. நன்மை கோடிக்கணக்கானோருக்கு ஆளுக்குக் கொஞ்சம். நட்டம் சில ஆயிரம் பேருக்கு, தலைக்கு மேல். கூட்டிக் கழித்தால் லாபம்தான். ஆனால் லாபம் அடைந்தவர்கள் நட்டப்பட்டவர்களுக்குக் கொடுத்தார்களா என்று கேட்பதற்குக் கூட்டல் கழித்தலில் இடமில்லை.

சுற்றுலா அந்த நட்டத்தை ஈடுகட்டாதா?

சில ஊர்களில் ஈடுகட்டும், போர்ட் ரென்ஃப்ரூ மாதிரி. பல ஊர்களில் முடியாது. ஆலை வேலை ஆண்டு முழுவதும் இருந்தது. விடுதி வேலை பருவத்துக்கு மட்டும், சம்பளமும் குறைவு. இறங்கி நின்று பார்க்கப் பெருமரம் இருந்தால்தான் கூட்டம் வரும். உயிர்வளம் மிகுந்த காடு எல்லாமே படத்துக்கு எடுப்பாக இருப்பதில்லை.

உள்ளூர்க்காரர், நகரத்துக்காரர், பூர்வகுடிகள்: யார் கருத்துக்கு எடை அதிகம்?

"பொதுமக்கள்" என்ற ஒரே கூடையில் பூர்வகுடிகளைப் போடுவதே முதல் தவறு. அவர்கள் அந்த நிலத்தின் உரிமையாளர்கள். கருத்துச் சொல்ல வந்த பார்வையாளர்கள் இல்லை. வான்கூவர் தீவுக்கு அருகே உள்ள மியர்ஸ் தீவை வெட்ட அனுமதி கொடுத்தபோது, 1984இல் ட்லா-ஓ-குய்-ஆட் மக்கள் அதைத் தங்கள் இனக்குழுப் பூங்காவாக அறிவித்தார்கள். 1985இல் நீதிமன்றம் வெட்டுக்குத் தடை போட்டது. இன்று அங்கே பார்வையாளர்களுக்குப் பலகைப்பாதை இருக்கிறது.

வான்கூவர் தீவிலேயே மர வெட்டை எதிர்த்து 2020இல் தொடங்கிய ஃபேரி கிரீக் மறியல் இன்னும் சிக்கலானது. 1,100க்கு மேற்பட்டோர் கைதானார்கள். அந்த நிலத்துக்கு உரிய பச்சிடாட் மக்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைமை, வெளியிலிருந்து வந்த போராட்டக்காரர்களைப் போகச் சொன்னது. அதே சமூகத்தில் சிலர் போராட்டக்காரர்களுடன் நின்றார்கள். 2021 ஜூனில் பச்சிடாட் உள்ளிட்ட மூன்று பூர்வகுடிகள் இரண்டாண்டு வெட்டை நிறுத்திவைக்கக் கேட்டார்கள், மாகாண அரசு ஒப்புக்கொண்டது. காட்டைக் காப்பது சரி, முடிவை நாங்கள் எடுப்போம் என்பதுதான் அதன் பொருள்.

மக்கள் கருத்தால் நிஜமாக ஏதாவது மாறியிருக்கிறதா?

மாறியிருக்கிறது, மெதுவாக. வான்கூவர் தீவின் கிளாயோக்வாட் சவுண்ட் பகுதியில் மர வெட்டை எதிர்த்து மறித்த 800க்கு மேற்பட்டோர் 1993 கோடையில் கைதானார்கள். அங்கே 76,000 ஹெக்டேர் அளவுக்குப் புதிய காப்பகங்கள் அறிவிக்கப்பட்டது 2024 ஜூனில். முப்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா, மேற்கு ஆஸ்திரேலியா இரண்டும் இயற்கைக் காடுகளில் மர வெட்டுத் தொழிலை 2024 தொடக்கத்தோடு முடித்துக்கொண்டன. போலந்தின் பியாவோவியெஜா காட்டில் வண்டுத் தாக்குதலைக் காரணம் காட்டி நடந்த வெட்டு சட்டவிரோதம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது.

பின்னோக்கியும் போகும். அமெரிக்கத் தேசியக் காடுகள் அனைத்திலும் பழங்காடுகளுக்குப் பாதுகாப்புத் தர 2023 டிசம்பரில் முன்வைத்த திட்டத்தை, கருத்துக் கேட்டு முடித்த பிறகு, 2025 ஜனவரியில் வனத்துறையே திரும்பப் பெற்றது.

ஒரு கருத்துக்கணிப்பு முடிவைப் பார்த்தால் முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

யாரைக் கேட்டார்கள் என்பதை. பாதையில் நின்று கேட்டிருந்தால் வராதவர் இல்லை. இணையத்தில் விருப்பமுள்ளோர் நிரப்பியது என்றால் கோபமாக இருப்பவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். அடுத்து, எதை ஒப்பிட்டுக் கேட்டார்கள் என்று பாருங்கள். "பழங்காடுகளைக் காக்க வேண்டுமா?" என்று கேட்டால் எல்லாரும் ஆம் என்பார்கள், அதனால் எதுவும் தெரியாது. எதற்குப் பதிலாக, யார் செலவில் என்று கேள்வியில் இருக்க வேண்டும். கடைசியாக, எந்தக் காட்டின் படத்தைக் காட்டினார்கள் என்று தேடுங்கள். வெயில் சாய்ந்து விழும் பெருமரங்களைக் காட்டிவிட்டுக் கேட்டால் வரும் பதில் வேறு, சதுப்பில் நிற்கும் குட்டை மரங்களைக் காட்டினால் வரும் பதில் வேறு. இரண்டுமே 400 வயதுக் காடாக இருக்கலாம்.

நான் போய்ப் பார்க்கலாமா?

தாராளமாக. பாதையை விட்டு இறங்காதீர்கள், செருப்பைக் கழுவும் தொட்டி இருந்தால் போகும்போதும் வரும்போதும் பயன்படுத்துங்கள். பெயர்பெற்ற ஒற்றை மரத்தைத் தேடிப் போவதைவிடப் பலகைப்பாதை உள்ள தோப்புக்குப் போவது நல்லது. ஹைபீரியனின் அடியில் நின்றால் உச்சி தெரியாது, பக்கத்து மரத்துக்கும் அதற்கும் வித்தியாசமும் தெரியாது. படம் போடுங்கள், இருப்பிடக் குறியை மட்டும் நீக்கிவிட்டுப் போடுங்கள்.